கண்ணுக்குத் தெரியும் தளம் வேறு, கூகுள் வாசிக்கும் தளம் வேறு

கொட்டாஞ்சேனையில் என் சித்தப்பா ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறார். கல்யாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா கார்ட், அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூல் என்று எல்லாம் அங்கே செய்யலாம். சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் காசு கொடுத்து அச்சகத்துக்கு ஓர் இணையத்தளம் செய்வித்தார். நல்ல நிறங்கள், நல்ல படங்கள், பார்க்க உண்மையிலேயே அழகான தளம். போன வருடம் ஒருநாள் தன் போனில் அச்சகத்தின் பெயரைக் கூகுளில் அடித்து என்னிடம் நீட்டினார். "பார் மகன், நாங்கள்தான் முதலாவதா வாறம். பிறகேன் ஒருத்தரும் கோல் எடுக்கினமில்லை?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் பயன்படுத்திய கருவிகள் எல்லாமே இலவசம். அவை எப்படி வேலை செய்கின்றன, எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பி ஏமாறக்கூடாது என்று விளக்கமாகத் தமிழில் எழுதவேண்டும் என்று அன்றிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சித்தப்பா செய்த சோதனையைப் பார்ப்போம். சொந்தக் கடையின் பெயரைச் சொந்தப் போனில், அதுவும் கடைக்குள் இருந்துகொண்டே தேடினால் அது மேலே வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் தேடுபவர் எங்கே நிற்கிறார், முன்னர் எதையெல்லாம் தேடினார் என்பதையும் கூகுள் கணக்கில் எடுக்கிறது, போதாக்குறைக்கு அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை. அச்சகத்தின் பெயரே தெரியாத ஒருவர் வெள்ளவத்தையில் இருந்து "திருமண அழைப்பிதழ் கொழும்பு" என்று அடித்தால் நாங்கள் வருகிறோமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குத் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு என்று ஒரு பகுதி இருக்கும், எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். கூகுள் வைத்திருப்பதும் அடிப்படையில் அதுதான், முழு இணையத்துக்குமான ஒரு சொல்லடைவு. கூகுள்பொட் என்ற நிரல் பக்கம் பக்கமாகப் போய் வாசிக்கும், வாசித்ததில் சேர்க்கத் தகுந்தது என்று கருதுவதைச் சொல்லடைவில் சேர்க்கும், யாராவது தேடும்போது அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தும். வாசிப்பது, சேர்ப்பது, வரிசைப்படுத்துவது என்று மூன்று படி. எல்லோரும் மூன்றாவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். சின்னத் தளங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது முதல் இரண்டு படிகளில்தான் என்பது நான் பார்த்தவரைக்கும் உண்மை.

எந்தக் கணக்கும் திறக்காமல் செய்யக்கூடிய முதல் சோதனை ஒன்று இருக்கிறது. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் 'சைட்' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். சொல்லடைவில் இருக்கும் உங்கள் பக்கங்கள் வரும். இது துல்லியமான கணக்கு அல்ல, ஆனால் நாற்பது பக்கம் இருக்கும் தளத்துக்கு நாலைந்துதான் வருகிறது என்றால் எங்கோ பிழை இருக்கிறது என்று புரிந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

சரி, அடுத்தது சேர்ச் கொன்சோல். 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று அழைக்கப்பட்ட இதே கருவியைக் கூகுள் இன்றுவரை இலவசமாகத்தான் தருகிறது. தளம் உங்களுடையது என்று முதலில் நிரூபிக்க வேண்டும்: கூகுள் தரும் ஓர் எழுத்துக் கோவையை உங்கள் டொமைனின், அதாவது தள முகவரியின், டிஎன்எஸ் பதிவில் (அந்த முகவரி எந்தக் கணினிக்குப் போகவேண்டும் என்று சொல்லும் பதிவு) போடலாம், அல்லது அவர்கள் தரும் சின்னக் கோப்பு ஒன்றைத் தளத்தில் ஏற்றலாம். அந்த இடங்களில் உரிமையாளரால் மட்டுமே கைவைக்க முடியும் என்பதால் அது ஆதாரமாகிறது. தேடுபொறியே தன் பக்கத்துக் கணக்கைத் திறந்து காட்டும் இடம் இது. வெளியாரின் கருவிகள் பெரும்பாலும் ஊகம்தான் சொல்கின்றன, அதனால் மற்றவற்றுக்கு முன் இதைத் திறக்கச் சொல்வேன்.

அதில் பக்கங்கள் என்ற அறிக்கை, எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டது, எது சேர்க்கப்படவில்லை, ஏன் என்று காரணத்தோடு சொல்லும். எங்கள் மாதிரி அழைப்பிதழ்ப் பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே 'நோஇன்டெக்ஸ்' என்று இருந்தது. பக்கத்தின் நிரலில் இருக்கும் ஒரு வரி அது, இதைச் சொல்லடைவில் சேர்க்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் கட்டளை. தளம் கட்டும் காலத்தில் அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாமல் இருக்க அதைப் போடுவார்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்களுக்குத் தளம் செய்து தந்தவர் எடுக்க மறந்திருந்தார். ஒரே ஒரு வரி. அதனால் இரண்டு வருடக் கல்யாணக் காலம் வீணாகப் போயிருக்கிறது என்று நினைக்க எனக்கு மனம் கனத்தது.

அதை நீக்கி, முகவரிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கும் பெட்டியில் போட்டு மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். சில நாள்களில் பக்கங்கள் சேர்ந்தன. ஆனாலும் தமிழ்த் தேடல் ஒன்றுக்குக்கூட நாங்கள் வரவில்லை.

இலங்கையில் தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் அடுத்த விஷயத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே பரிசோதனைப் பெட்டியில், கூகுள் வாசித்த பக்கத்தின் நிரலை அப்படியே திறந்து பார்க்கலாம். நான் திறந்தபோது அங்கே தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்துகள், நடுவில் அரைப்புள்ளிகள். எங்கள் அச்சகங்களில் பல காலமாகப் பாமினி எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. பாமினியில் தட்டச்சு செய்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து, அந்த எழுத்துருதான் அதற்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. தமிழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், பாமினியில் அது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டும்தான். கூகுள் எழுத்தின் உருவத்தைப் பார்த்து வாசிப்பதில்லை, சேமித்திருக்கும் குறியீட்டைத்தான் வாசிக்கிறது. ஆகவே எங்கள் பக்கங்கள் சொல்லடைவில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடந்தன, அழைப்பிதழ் என்று தேடிய ஒருவரோடு அவை எந்தக் காலத்திலும் பொருந்தியிருக்காது.

இதற்குத் தீர்வு யூனிகோடு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுத் தரம். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. பாமினி எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் தளம் எப்படி என்று தெரியாவிட்டால், பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கிலக் குவியல் வந்தால் கூகுள் பார்ப்பதும் அதையேதான். பிரதி எடுக்கவே முடியாமல், எழுத்து முழுக்கப் படமாக இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

எழுத்தை மாற்றியபிறகு சேர்ச் கொன்சோலின் செயல்திறன் அறிக்கைக்கு உயிர் வந்தது. அதில் நான்கு எண்கள் இருக்கும். தேடல் முடிவுப் பக்கத்தில் உங்கள் இணைப்பு எத்தனை தடவை வந்தது என்பது இம்ப்ரெஷன், எத்தனை தடவை அழுத்தினார்கள் என்பது கிளிக், இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிளிக் விகிதம், கடைசியாகச் சராசரி இடம். இம்ப்ரெஷன் என்றால் ஒருவர் கண்ணால் பார்த்தார் என்று அர்த்தம் இல்லை, அவர் கீழே உருட்டிப் பார்க்காமல் போயிருந்தாலும் அந்தப் பக்கத்தில் நீங்கள் இருந்தால் கணக்கில் சேரும்.

சராசரி இடம்தான் ஆட்களை அதிகம் கலங்க வைப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போன மாதம் ஒரே ஒரு தேடலுக்கு 10 தடவை வந்தீர்கள், எல்லாத் தடவையும் 2ஆம் இடம், ஆகவே சராசரி 2. இந்த மாதம் அதே 10 தடவையோடு, புதிய தேடல் ஒன்றுக்கு 90 தடவை 30ஆம் இடத்தில் வருகிறீர்கள். 10ஐ 2ஆலும் 90ஐ 30ஆலும் பெருக்கிக் கூட்டி 100ஆல் வகுத்தால் சராசரி 27.2. எண் 2இலிருந்து 27க்கு விழுந்துவிட்டது, ஆனால் நீங்கள் எதையும் இழக்கவில்லை, முன்பு உங்களைத் தெரியாத இடத்தில் இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறீர்கள். அதனால் மொத்தச் சராசரியைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், ஒவ்வொரு தேடல் சொல்லாகத் திறந்து பாருங்கள். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் பட்டியலில் காட்டாது, அதனால் பட்டியலைக் கூட்டினால் மேலே இருக்கும் மொத்தத்தோடு பொருந்தாமல் போகும். தமிழ்த் தளங்களில் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும்.

தரவு 16 மாதங்களுக்குக் கிடைக்கும். இது எங்களுக்குப் பெரிய வரம். சித்தப்பா ஒருமுறை ஜூலை நடுவில் கோடு கீழே இறங்குவதைக் கண்டு பதறிவிட்டார். ஆடி மாதத்தில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? ஆடியைப் போன வருட ஆடியோடு ஒப்பிட வேண்டும், ஆவணியோடு அல்ல. அந்த ஒப்பீட்டை அறிக்கையிலேயே செய்யலாம். இன்னொன்று, நாள்வாரி அறிக்கையில் ஒரு நாள் என்பது கலிபோர்னியா நேரப்படி. அங்கே நள்ளிரவு ஆகும்போது கொழும்பில் பகல் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. இன்று காலை பேஸ்புக்கில் போட்ட விளம்பரத்தின் பலனை இன்றைய தேதியில் தேடினால் அது நேற்றைய கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கும் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

தேடல் சொற்களின் பட்டியலில் இன்னொரு விஷயம் புரிந்தது. எங்கள் ஊர்களுக்கு இரண்டு பெயர். கொட்டாஞ்சேனையை ஆங்கிலத்தில் அடிப்பவர் கொட்டஹேன என்று அடிக்கிறார், புறக்கோட்டை பெட்டா ஆகிறது, செட்டியார் தெரு சீ ஸ்ட்ரீட் ஆகிறது. வெள்ளவத்தைக்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். பக்கத்தில் தமிழ்ப் பெயர் மட்டும் இருந்தால் அந்தத் தேடல்களைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். இப்போது முகவரி வரும் இடத்தில் இரண்டையும் இயல்பாக எழுதியிருக்கிறோம்.

தளம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்க்கக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ். முகவரியைப் போட்டால் 100க்கு எத்தனை என்று புள்ளி தரும். 90க்கு மேல் பச்சை, 50க்குக் கீழ் சிவப்பு. இதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. மேலே வருவது கடந்த 28 நாள்களில் குரோம் பாவித்த உண்மையான ஆட்களின் அனுபவம், அது போதிய ஆட்கள் வரும் தளங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். கீழே இருப்பது லைட்ஹவுஸ் என்ற கருவி நடுத்தர போன் ஒன்றையும் மெதுவான 4ஜி இணைப்பையும் பாவனை செய்து எடுத்த சோதனை, புள்ளி வருவது அதிலிருந்துதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், ஆகவே மூன்று நாலு தடவை ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் பிரச்சினை படங்கள். போனில் எடுத்த 5 மெகாபைட் அழைப்பிதழ்ப் படத்தை அப்படியே ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாவனை இணைப்பின் வேகம் விநாடிக்கு 1.6 மெகாபிட். 5 மெகாபைட் என்றால் 40 மெகாபிட், ஒரு படத்துக்கே 25 விநாடி. பக்கத்தின் மிகப்பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்பதுதான் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படங்களைச் சுருக்கி, கோப்பைச் சின்னதாக்கும் வெப்பி என்ற பட வடிவத்தில் ஏற்றியதும் சிவப்பு போய்விட்டது. ஆனால் வேகம் மட்டும் ஒருவரை மேலே தூக்கிவிடாது, தேடியதற்குப் பொருத்தமான பதில் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் பார்க்கப்படுகிறது.

அதே லைட்ஹவுஸ் எஸ்இஓ (தேடுபொறிக்கு ஏற்றபடி தளத்தை அமைப்பது) என்றும் ஒரு புள்ளி தரும், அதில் 100 எடுத்துவிட்டுச் சந்தோஷப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பார்ப்பது தலைப்பு இருக்கிறதா, கூகுள் உள்ளே வரத் தடை இருக்கிறதா போன்ற அடிப்படைகளை மட்டும்தான். பாமினியில் எழுதியிருப்பதை அது கண்டுபிடித்துச் சொல்லாது.

ஒரு சொல்லை ஆட்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸும் திறந்து பார்த்தோம். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண்கள் ஒப்பீட்டு அளவு, தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. இலங்கை என்று மட்டுப்படுத்தித் தமிழ்ச் சொல் போட்டால் பல நேரம் போதிய தரவு இல்லை என்றுதான் வரும். மைக்ரோசொஃப்டின் தேடுபொறியான பிங்குக்கு இதேபோல இருக்கும் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸும் இலவசம், சேர்ச் கொன்சோலில் பதிந்த தளத்தை அங்கே இறக்கிக்கொள்ளலாம் என்பதால் பத்து நிமிட வேலை.

சேர்ச் கொன்சோலின் தேடல் சொற்களின் பட்டியலுக்கே திரும்பி வருகிறேன். நாடுவாரியாகப் பிரித்தபோது கனடாவும் பிரித்தானியாவும் மேலே நின்றன, அங்கிருந்து தேடியவர்கள் விலை கேட்கவில்லை, அழைப்பிதழ் வாசகம் கேட்டிருந்தார்கள். பேரன் பேர்த்தி முறை எப்படி எழுதுவது, காலமானவர் பெயருக்கு முன் அமரர் எங்கே வரும், இரண்டு வீட்டார் பெயரில் எது முதலில். சித்தப்பாவின் மேசை லாச்சிகளில் முப்பது வருட மாதிரிகள் கிடக்கின்றன. அவற்றை வைத்து ஒரு பக்கம் எழுதினோம், இப்போது அறிக்கையில் அதிகம் கிளிக் வாங்குவது அதுதான். போன கிழமை கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஓர் அம்மா கோல் எடுத்து மகளின் கல்யாணத்துக்கு வாசகம் சரிபார்த்துத் தரமுடியுமா என்று கேட்டார், சித்தப்பா அரை மணித்தியாலம் பேசினார்.