ஹைப்போ, ஹைப்பர்: எது கீழே, எது மேலே?

ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் அதிகம் இடம் மாறுகிற சொற்கள் எவை என்று கேட்டால் என் ஓட்டு ஹைப்போவுக்கும் ஹைப்பருக்கும்தான். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும், கிறுக்கலாக எழுதினால் கண்ணுக்கும் அப்படியே. நடுவில் ஒரு எச் கூடுதலாகச் சேர்த்து 'ஹைஃபோ' ஆக்கிவிடுபவர்களும் உண்டு, அதை விடுங்கள், படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதுவதுதான் ஆபத்து. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் ஹைப்போகலீமியா, கூடினால் ஹைப்பர்கலீமியா. முதல் ஆளுக்குப் பொட்டாசியம் கொடுப்பார்கள். அதையே இரண்டாவது ஆளுக்கு ஏற்றினால் இதயம் நின்றே போகலாம்.

இரண்டும் கிரேக்கச் சொற்கள். ஹைப்போ கீழே, ஹைப்பர் மேலே. தோலுக்கு அடியில் போடுவதால்தான் ஊசிக்கு ஹைப்போடெர்மிக் என்று பெயர். இவற்றின் சொந்தக்காரர்கள் நம் பேச்சிலேயே இருக்கிறார்கள்: சமஸ்கிருதம் வழியாக வந்த 'உப', 'உபரி'. வேர் ஒன்றேதான். உபதலைவர் தலைவருக்கு ஒரு படி கீழே, உபரி நீர் தேவைக்கு மேலே. ஹைப்பரிலும் உபரியிலும் கடைசியில் ரகர ஒலி வருகிறது பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அர்த்தம் தெரிந்தவர்களும் வழுக்குகிற இடம் தைராய்டு. ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 12 என்று வந்து பக்கத்தில் 'எச்' போட்டிருக்கும், கூடுதல்தானே என்று 'ஹைப்பர்தைராய்டு' எழுதிவிடுவார்கள். டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே இல்லை, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி அனுப்புவது. தைராய்டு மந்தமாகிவிட்டால் 'இன்னும் சுர, இன்னும் சுர' என்று பிட்யூட்டரி அதை அதிகமாக அனுப்பும். ஆக, டிஎஸ்எச் ஏறியிருந்தால் பெரும்பாலும் ஹைப்போதைராய்டுதான். முன்னொட்டு சொல்வது சுரப்பியின் நிலையை, ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை இல்லை.

உயர் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ஹைப்பர்டென்ஷனில் வரும் டென்ஷனும் மனப்பதற்றம் இல்லை, 'இழுத்து விறைத்தல்' என்ற லத்தீன் பொருளில் வருவது. இதைச் சொல்லாமல் விட்டால் 'எனக்கு ஒரு டென்ஷனும் கிடையாதே' என்று நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். 'பிபி இருக்கு' என்பதும் இதே ரகம்தான். பிபி இல்லாமல் யார் உயிரோடு இருக்கிறார்கள்?

அப்புறம், வார்டில் ஹைப்போ என்றால் இரண்டு. 'ஹைப்போ எடுத்து வா' என்றால் தரை துடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரைட்டைவிட ஆக்சிஜன் ஒன்று குறைவு என்பதால் அந்தப் பெயர். 'அவருக்கு ஹைப்போ' என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டது.

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. மிகை, குறை: காதிலும் குழம்பாது, எழுத்திலும் குழம்பாது. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று குறள் 941 இதே ஜோடியை மருத்துவத்துக்கே பயன்படுத்தியிருக்கிறது. அழுத்தம் என்றால் உயர், தாழ். பொருளின் அளவு என்றால் மிகை, குறை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. உயர் இரத்த அழுத்தம், இரத்தப் பொட்டாசிய மிகை, குறைதைராய்டு. ஹைப்போகிளைசீமியாவுக்கு மட்டும் 'தாழ்சர்க்கரை' என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, கணக்கு ஒத்துவரவில்லை என்று அதைப் போய் மாற்ற வேண்டாம்.