சுவரைத் தொடக் கூடாத தரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர் வீட்டு கராஜ் பல வேலை பார்க்கும். கார் நிற்கும், ஓரத்தில் டீப் ஃபிரீசர் ஓடும், புரட்டாசிச் சனிக்கிழமை காரை வெளியே எடுத்துவிட்டு அதே இடத்தில் இலை போட்டுப் பந்தி நடக்கும். எண்ணெய்க் கறை படிந்த வெறும் கான்கிரீட்டைப் பார்த்துச் சலித்தவர்கள் முதலில் பெயின்ட் அடிப்பார்கள். அது உரியத் தொடங்கியதும், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தரைத்துண்டுகளான இன்டர்லாக் டைல்ஸ் விலை விசாரிப்பார்கள்.

பெயின்ட் உரியப் பல நேரம் காரணம் கீழிருந்து ஏறும் ஈரம். கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். மண்ணில் உள்ள ஈரம் அவற்றின் வழியே மேலே வரும். காற்றுப் புகாத பூச்சு குறுக்கே இருந்தால் அதன் அடியில் சேர்ந்து அதைத் தூக்கிவிடும். உங்கள் கராஜில் எப்படி என்று பார்க்க, அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தால் ஈரம் ஏறுகிறது. இன்டர்லாக் டைலை ஒட்டுவதே கிடையாது. திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வரிவரியாகச் சிறு கால்கள் இருக்கும். அவற்றின் இடுக்கில் ஈரம் உலர வழி கிடைக்கிறது. அடிப்புறம் வழவழவென்று இருக்கும் வகையை ஈரத் தரைக்கு வாங்காதீர்கள்.

இரண்டு பொருளில் கிடைக்கும். பாலிபுரோப்பிலீன் டைல் கெட்டியானது. ஒரு ஓரத்தில் வளையம், எதிர் ஓரத்தில் முளை, அழுத்தினால் 'டக்'கென்று மாட்டும். பி.வி.சி. டைல் வளையும், ஓரங்களில் பல் வெட்டியிருக்கும், ரப்பர் சுத்தியலால் தட்டிச் சேர்க்க வேண்டும். கார் எடையை இந்தப் பூட்டு தாங்குவதில்லை. 1,500 கிலோ காரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 375 கிலோ. டயர் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 170 சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. அடிக்கால்கள் அதை நேராகக் கான்கிரீட்டுக்குக் கடத்திவிடும். பூட்டின் வேலை பக்கவாட்டு இழுப்பைச் சமாளிப்பது. கார் நின்றபடியே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புவதுதான் அதற்குப் பெரிய சோதனை.

இனி, சூட்டில் டைல் விரிவதற்கு வருவோம். டைல் போட்டுக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுக்கிறார்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் 6 மீட்டர் கான்கிரீட் 0.06 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். பாலிபுரோப்பிலீன் அதைப்போல் பத்து மடங்காவது நீளும், பி.வி.சி.யும் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு. குளிர்கால ஜூலைக் காலையில் போட்ட பாலிபுரோப்பிலீன் தரை கோடைகால ஜனவரி மதியம் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், 6 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் நீளும். சுவரோடு சுவராக இறுக்கி வெட்டியிருந்தால் அதற்குப் போக்கிடம் மேலே மட்டும்தான். எவ்வளவு எழும்பும்? ஒரே இடத்தில் கூடாரம்போல் மடிந்தால், நடுவில் 19 சென்டிமீட்டர்! பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். நடைமுறையில் டைலின் எடையும் முளைகளின் சிறு தளர்வும் அதைக் குறைக்கும் என்றாலும், கதவு திறந்தே கிடந்து வெயில் விழும் பகுதியில் கறுப்பு டைல் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வெளிர் நிறம் அவ்வளவு சூடாகாது.

ஆகவே ஒவ்வொரு சுவரிலும் 10 மில்லிமீட்டர் விடுங்கள். சுவரடியில் பொருத்தும் பட்டையான ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். டைல் பெட்டிகளை முதல் நாளே கராஜில் வைத்துவிடுவது நல்லது; அங்குள்ள சூட்டுக்கு டைல் வந்துவிடும். கதவருகே முழு டைலாகத் தொடங்கி உள்ளே போனால், வெட்டுத்துண்டுகள் கண்ணில் படாத பின்சுவர் ஓரம் போய்விடும். 3-க்கு 6 மீட்டர் கராஜுக்கு 40 சென்டிமீட்டர் டைல் 113 வேண்டும். வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து வாங்கி, மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள்; பிற்பாடு அதே நிறம் கிடைக்காது.

பி.வி.சி. வாங்குபவர்கள் டயர்க் கறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஓசோனால் ரப்பர் வெடிக்காமலிருக்க டயரில் சேர்க்கும் வேதிப்பொருள், ஓடி வந்த சூட்டில் பி.வி.சி.க்குள் ஊறிப் பழுப்பாகப் படியும். தேய்த்தால் போகாது. பாலிபுரோப்பிலீனில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நடந்தால் சத்தம் போடும். என்னைக் கேட்டால் சத்தத்தையே பொறுத்துக்கொள்வேன்.

இரண்டுமே நெருப்புக்கு ஆகாது. பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகும், பி.வி.சி. அதற்கு வெகு முன்பே இளகிவிடும். காவடிக்குக் கற்பூரத் தட்டு வைப்பதானாலும், விருந்துக்கு காஸ் அடுப்பில் பெரிய பானை ஏற்றுவதானாலும் வெளிக் கான்கிரீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டீப் ஃபிரீசரும் ஒரு சிக்கல். நிரம்பிய ஃபிரீசர் தன் கீழுள்ள டைல்களை ஆணியடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். எதிர்ச்சுவரிலும் கனமான அலமாரி இருந்தால், சுவரோரம் விட்ட இடைவெளி பயன்படாமல் நடுத்தரை புடைக்கும். ஒரு பக்கக் கனத்தை டைல்மேல் விடலாம். மறுபக்கத்துக்கு, அலமாரி நிற்கும் இடத்தில் டைல் போடாமல் அதன் காலைச் சுற்றி இடம் விட்டு வெட்டிவிடுங்கள்.