குளத்தடிக்குப் போங்கோ, ஆனா குளிசையை நிப்பாட்டாதேங்கோ

போன கிழமையும் எங்கட மனநலக் கிளினிக்குக்கு ஒராளைக் கொண்டு வந்தினம். இதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஏலாமப் போச்சு, அதுதான் எழுதுறன். ஆளை அடையாளம் தெரியாத மாதிரி விபரங்களை மாத்தியிருக்கிறன்.

முப்பது வயசு தாண்டின வயல்காரப் பெடியன். மாசியளவில கடும் மனச்சோர்வோட வந்தவர், நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, வயல் பக்கம் போறதில்லை, சொந்தப் பிள்ளை வந்து மடியில ஏறினாலும் திரும்பிப் பாக்கிறதில்லை. குளிசை தொடங்கினம், இருத்திக் கதைச்சம், கொஞ்சம் தெம்பு வர, பின்னேரத்தில சித்தப்பாவோட குளத்தடிக்குப் போய் தூண்டில் போடுங்கோ எண்டு நான்தான் சொன்னன், ஏனெண்டா சின்னனில அவருக்கு அதில சரியான விருப்பமாம். ஆள் நல்லா வந்தவர். சிரிச்சுக் கதைக்கிற அளவுக்கு வந்தவர். பிறகு கிளினிக் பக்கம் காணேல்ல. இப்ப மழை தொடங்கினாப்பிறகு முதல்தரத்தை விட மோசமா, ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு வர வேண்டிய நிலைமையில வாறார். என்ன நடந்தது எண்டு கேட்டா, "இவன் குளத்துக்குப் போகத் தொடங்கித்தானே டொக்டர் சுகமானவன், பிறகேன் குளிசை எண்டு ஆனியோட நிப்பாட்டிப் போட்டம்" எண்டு அம்மா சொல்லுறா. கனடாவில இருக்கிற மாமா ஒராள் வேற 'இயற்கைதான் உண்மையான மருந்து' எண்டு வட்ஸ்அப்பில வீடியோ அனுப்பியிருக்கிறார். மழைக்குள்ள குளத்துக்குப் போறதும் நிண்டிட்டுது, குளிசையும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பிடிச்சு நிக்க என்ன இருந்தது சொல்லுங்கோ?

முதல்ல ஒண்டு. நான் குளத்தடிக்கு எதிரான ஆள் இல்லை. இலங்கையின்ர வடக்கில எங்கட வன்னியில இருக்கிற வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ அக்கராயனோ, எந்தக் குளமெண்டாலும், கட்டில ஒரு மருதமர நிழலில தூண்டிலைப் போட்டுட்டு மிதப்பைப் பாத்துக்கொண்டிருக்கிறது மனசுக்கு நல்லம் எண்டு எனக்கு வடிவாத் தெரியும், அதாலதான் அனுப்புறன். ஆள் எழும்பி வெளிக்கிடுது, வெளிச்சம் படுது, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்குது. மனச்சோர்வுக்கு விருப்பமான செயல்களைச் சின்னச் சின்னதாத் திரும்பத் தொடங்க வைக்கிறது எண்டது உளவியலில 1970கள்ல இருந்து வளந்து வந்த ஒரு சிகிச்சை முறை, நாங்கள் குளக்கட்டில கண்டுபிடிச்ச புதினம் இல்லை. இங்கிலாந்தில கிட்டத்தட்ட இருபதினாயிரம் பேரிட்ட எடுத்த தரவுகளை வச்சு 2019இல ஒரு ஆய்வு வந்தது, கிழமைக்கு 120 நிமிசமாவது இயற்கையோட இருக்கிற ஆக்கள் தங்கட ஆரோக்கியமும் மனநிலையும் நல்லா இருக்கு எண்டு கூடுதலாச் சொல்லியிருக்கினம். ஆனா அது ரெண்டும் சேந்து இருக்குது எண்டுதான் காட்டினது, ஒண்டாலதான் மற்றது வந்தது எண்டு நிறுவேல்ல. அதுக்குள்ள குளிசையை விடுங்கோ எண்டு ஒரு வரியும் இல்லை. வீடியோ செய்யிற ஆக்கள் 120 நிமிசத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு மிச்சத்தைத் தாங்களாச் சேக்கினம்.

சரி, என்னைக் கோபப்படுத்துற விசயத்துக்கு வாறன். "குளத்துக்குப் போய்த்தான் சுகம் வந்தது" எண்டுறீங்கள். நாட்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கோ. மனச்சோர்வுக்குக் குடுக்கிற குளிசை போட்ட அண்டைக்கே வேலை செய்யாது, ரெண்டு கிழமையளவிலதான் ஒரு அசைவு தெரியும், முழுப் பலன் தெரிய நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். முதல் கிழமையில இந்தப் பெடியனைக் குளத்துக்கு வா எண்டு கூப்பிட்டிருந்தா வந்திருக்கவே மாட்டார், அவர் பாயை விட்டு எழும்பேல்ல! அஞ்சாம் கிழமை எழும்பினார். அந்தத் தெம்பு எங்கயிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல. குளிசை எழுப்பி விட்டது, குளம் நடக்க வச்சது, சித்தப்பா பக்கத்தில இருந்தார், நாங்கள் கதைச்சம். எல்லாம் சேந்துதான் ஆள் எழும்பினது. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியிறது குளம் மட்டும்தான், ஆனபடியாப் பேர் முழுக்கக் குளத்துக்குப் போகுது. பிரஷர் குளிசை போட்டு பிரஷர் சரியா வந்தாப்பிறகு, இப்ப சரிதானே எண்டு குளிசையைத் தூக்கி எறிஞ்சா என்ன நடக்கும்? இதுவும் அதுதான். சுகமான பிறகும் ஆகக் குறைஞ்சது ஆறு மாதம், சிலருக்கு அதுக்கும் மேல, தொடர்ந்து போட வேணும். எப்ப குறைக்கிறது எண்டு நாங்கள்தான் பாத்துச் சொல்லுவம், குறைக்கிறதும் படிப்படியாத்தான்.

"குளிசை பழகிப் போயிடும் டொக்டர்". இதை நான் கேக்காத கிளினிக் நாளே இல்லை. ஃபுளுவொக்சிற்றீன், செர்ட்ரலீன் மாதிரி மனச்சோர்வுக்குக் குடுக்கிற குளிசையள் கசிப்பு மாதிரி, கஞ்சா மாதிரி ஆளை அடிமையாக்கிறதில்லை, ஒருத்தரும் ஒண்டு ரெண்டாக்கி ரெண்டு நாலாக்கித் தேடித் திரியிறதில்லை. திடீரெண்டு விட்டா தலைச்சுத்து, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரலாம், அதுக்காகத்தான் மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லுறம். பதட்டத்துக்கும் நித்திரைக்கும் குடுக்கிற டயசெபாம் மாதிரியான மருந்துகள் பழகக்கூடியதுதான், அதாலதான் அதைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுறம், கேட்டாலும் கூட்டித் தரமாட்டம். இது ரெண்டும் ஒரே சாமான் இல்லை. "நித்திரைக் குளிசை" எண்டு எல்லாத்தையும் ஒரே சாக்குக்குள்ள போடாதேங்கோ, தயவு செய்து.

அடுத்தது, ஆரை எந்தத் தண்ணிக்கு அனுப்புறது எண்ட விசயம். வேற நாட்டில எழுதினதை வாசிச்சிட்டு "தண்ணியைப் பாத்தா மனம் ஆறும்" எண்டு சொல்லுறது லேசு. வன்னியில அது அப்பிடி இல்லை. 2009இல போர் முடியிற நேரம் நந்திக்கடல் களப்புக்குள்ளால பிள்ளையளைத் தோளில வச்சுக்கொண்டு நடந்து வந்த சனம் இது. அந்தக் களப்புக் கரையில ஒராளைக் கொண்டுபோய் இருத்தி மனசை ஆறவிடு எண்டு சொன்னா அவருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், அண்டிரவு கனவு வரும். முல்லைத்தீவுக் கரையில 2004 மார்கழி 26 சுனாமியில ஆக்களைப் பறிகுடுத்த குடும்பங்களுக்குக் கடலும் அப்பிடித்தான். எல்லாருக்கும் அப்பிடி எண்டு சொல்லேல்ல, சிலர் திரும்ப அந்தக் கரைக்குப் போய்த்தான் ஆறுதல் கண்டிருக்கினம், ஆனா அது அவையள் தாங்களாத் தங்கட நேரத்தில போனது. நாங்கள் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறது வேற. அனுப்ப முதல் கேளுங்கோ, "எங்க போனா உங்களுக்கு நல்லா இருக்கும், எங்க போக விருப்பமில்லை" எண்டு. இந்த ரெண்டு கேள்விக்கும் ஒரு நிமிசம்கூட எடுக்காது. தண்ணியே வேண்டாம் எண்டா விடுங்கோ, தென்னங்காணி இருக்கு, பாலைப்பழக் காலத்தில காட்டோரம் இருக்கு, வீட்டு வளவில நாலு மிளகாய்க் கண்டு வச்சாலும் போதும்.

கடற்றொழில் செய்யிற ஒருத்தருக்குப் போய் "மீன்பிடிச்சா மனம் லேசாகும்" எண்டு சொல்லாதேங்கோ. அவருக்கு அது தொழில், கடன், அறுந்த வலை, இழுவைப்படகுக்காரர் வாரிக்கொண்டு போன மிச்சம். கொக்கிளாயில இருந்து வந்த ஒரு ஐயாவுக்கு நான் சொன்னது காலமையில வெறுங்கையோட தோட்டத்துக்குள்ள நடவுங்கோ எண்டுதான், கடலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்ல.

பொம்பிளையளைப் பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டா இந்தக் கட்டுரையள் எல்லாம் ஆம்பிளையளுக்குத்தான் எழுதின மாதிரி இருக்கும். வன்னியில எத்தினையோ வீடு தனிய ஒரு பொம்பிளையின்ர தலையில நடக்குது. அவ பின்னேரம் குளக்கட்டில போய்க் குந்தினா ஊர் என்ன கதைக்கும் எண்டு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். விறகு பொறுக்கப் போறதும் காடுதான், ஆனா அது வேலை, அதை ஓய்வு எண்டு கணக்கு வைக்காதேங்கோ. மூண்டு நாலு பேராச் சேந்து போங்கோ, கீரை ஆய்ற சாட்டில எண்டாலும் சரி, கோயில் வீதி மரத்தடியில எண்டாலும் சரி, ஒரு அரை மணித்தியாலம் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்து குடுக்காம இருங்கோ. அண்ணன்மார், தம்பிமார் இதை வாசிச்சா, அந்த அரை மணித்தியாலம் பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுங்கோ.

கூடப் போற ஆள் பற்றி. என்னட்டக் கேட்டா தூண்டிலை விட முக்கியம் இதுதான். கிளினிக் கதிரையில முகத்துக்கு முகம் பாத்து ஒரு சொல்லும் சொல்லாத ஆம்பிளையள், பக்கத்தில பக்கத்தில இருந்து ரெண்டு பேரும் தண்ணியைப் பாத்துக்கொண்டிருக்கேக்க தன்ர பாட்டில கதைக்கத் தொடங்குவினம். அதைக் கெடுக்காதேங்கோ. "ஏன்டா இப்பிடி இருக்கிறாய், உனக்கென்ன குறை" எண்டு விசாரணை வைக்கிற ஆளை அனுப்பாதேங்கோ. புழுவைக் கோத்துக் குடுத்திட்டுப் பேசாம இருக்கிற சித்தப்பா, மச்சான், பழைய கூட்டாளி ஆரையும் அனுப்புங்கோ. மீன் படாட்டிலும் நக்கலடிக்கக் கூடாது. ஏற்கனவே தன்னால ஒண்டும் ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற ஆளிட்ட "ஒரு திலாப்பியா கூடப் பிடிக்கத் தெரியாதோ" எண்டு பகிடிக்குக் கேட்டாலும் அது உள்ளுக்குப் போய்க் குத்தும். பிடிக்கிற மீனைச் சமைச்சுச் சாப்பிடுங்கோ, முடிஞ்சா அவரே வெட்டிக் கழுவட்டும்.

போத்தலோட போற கூட்டத்தோட அனுப்பாதேங்கோ. விராலுக்கு எண்டு போய்ப் பியரோட திரும்பி வாற பெடியளை எனக்குத் தெரியும். மதுவும் இந்தக் குளிசையளும் சேரக்கூடாது, குடி மனச்சோர்வைக் கூட்டும், வெறியோட தண்ணிக்குப் பக்கத்தில நிக்கிறதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனி கவனிக்க வேண்டியதைக் கடகடவெண்டு சொல்லுறன். மனநிலை ஏறி இறங்கிற வருத்தத்துக்கு லித்தியம் போடுற ஆக்கள் வெயிலுக்க வேர்த்து ஊத்த நிக்கக்கூடாது, தண்ணிப் போத்தல் கட்டாயம் வேணும், உப்பையும் திடீரெண்டு குறைக்கக்கூடாது, உடம்பில தண்ணி வத்தினா ரத்தத்தில மருந்தின்ர அளவு ஏறும். கை நல்லா நடுங்குது, சத்தி வருது, வயித்தாலை போகுது, தள்ளாடுது எண்டா அடுத்த குளிசையைப் போடாம நேர ஆஸ்பத்திரி. குளோர்புறோமசின் எண்ட மனநோய்க் குளிசை போடுறவைக்கு வெயில் பட்டாத் தோல் லேசாக் கருகும், முழுக்கைச் சேட்டும் தொப்பியும் போடுங்கோ. வலிப்பு இருக்கிறவர் தனியப் போகவே கூடாது, தண்ணிக்குள்ள இறங்கவும் கூடாது. காலமை இன்னும் தூக்கம் கலையேல்ல எண்டா குளத்துத் தண்ணி திறந்து விடுற துருசுப் பக்கம் நிக்காதேங்கோ. குளம் நிரம்பி வான் பாயேக்க மீன் நல்லாப் படும் எண்டு கீழ இறங்கிற வேலையை விடுங்கோ, மாரியில இந்தத் தண்ணி என்ன வேகத்தில வரும் எண்டு 2018 மார்கழி வெள்ளத்தில கண்டனாங்கள்தானே. முதலை இருக்கிற குளத்தில முழங்கால் தண்ணியும் கூடாது. பொழுது பட முதல் வீட்டை வந்திடுங்கோ, யானை வாற பாதையள் உங்களுக்குத் தெரியும். கண்ணிவெடி எண்டு மண்டையோட்டுப் பலகை நிக்கிற பக்கம் புழு கிண்டப் போகாதேங்கோ, பலகை விழுந்து கிடந்தாலும் போகாதேங்கோ. காலில புண்ணோட சேத்துத் தண்ணிக்குள்ள நிண்டு பிறகு காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், பனடோல் போட்டுக்கொண்டு வீட்டை படுக்காதேங்கோ, தண்ணிக்குள்ள நிண்டதை டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

இதெல்லாத்தையும் விடப் பெரிசு ஒண்டு இருக்கு. சாகிற கதை கதைக்கிற ஆளை, தன்ர சாமான்களை மற்றவைக்குக் குடுக்கத் தொடங்கின ஆளை, நல்லாச் சோர்ந்திருந்திட்டு திடீரெண்டு அமைதியாகி "நான் தனியக் குளத்தடிக்குப் போயிட்டு வாறன்" எண்டு சொல்லுற ஆளை அனுப்பவே கூடாது. மனசு ஆறட்டும் எண்டு நினைச்சு விட்டிடுவீங்கள், அது பிழை. பக்கத்திலயே இருங்கோ. வயல் மருந்துகளை வீட்டை விட்டு வெளியில, பூட்டின இடத்தில வையுங்கோ. "சாக வேணும் எண்டு யோசிக்கிறியா" எண்டு நேரடியாக் கேளுங்கோ. கேட்டா இல்லாத எண்ணம் வந்திடும் எண்டு பயப்பிடாதேங்கோ, அப்பிடி வராது, கேட்ட உடன அழுது கொட்டின ஆக்களைத்தான் நான் கண்டிருக்கிறன். அண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ, கிளினிக் நாள் வரட்டும் எண்டு பாக்காதேங்கோ. உடன வரேலாட்டி 1926க்கு எடுங்கோ, இலங்கையின்ர தேசிய மனநல உதவி இலக்கம் அது, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.

மழைக்காலத்துக்கு முன்னமே யோசியுங்கோ. ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் குளக்கட்டு எங்களுக்கு இல்லை, ஆவணி புரட்டாதியில சின்னக் குளங்கள் வத்திக் கிடக்கும். அந்த மாதங்களில அதே ஆள், அதே நேரத்துக்கு, வேற என்ன செய்யப் போறார்? வலை பொத்துறதோ, மாட்டுக் கொட்டில் திருத்துறதோ, விறாந்தையில சித்தப்பாவோட இருந்து தேத்தண்ணி குடிக்கிறதோ, ஏதோ ஒண்டு முதலே பேசி வையுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற மாமாமார், அக்காமாருக்கும் ஒரு கெஞ்சல். நல்ல தூண்டில் ரீல் அனுப்புங்கோ, பெடியன் சந்தோசப்படுவான். ஆனா போன் எடுக்கேக்க "இன்னுமா குளிசை போடுறாய்" எண்டு கேக்காதேங்கோ, "அடுத்த கிளினிக் எப்ப" எண்டு கேளுங்கோ. பஸ் காசு இல்லாமத்தான் கன பேர் கிளினிக்கைத் தவறவிடுகினம், அதைக் குடுத்தாலே பெரிய உதவி. கிளினிக்கைத் தவறவிட்ட ஆக்களும் ஏசுவினம் எண்டு பயந்து வராம இருக்காதேங்கோ. கிளினிக் கொப்பி துலைஞ்சிருந்தாலும் வாங்கோ, புதுசு எழுதலாம். கூடக் குளத்தடிக்குப் போற ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, வீட்டாக்கள் கவனிக்காததை அவர் கவனிச்சிருப்பார்.