என்கோர் என்றால் ‘ஒன்ஸ்மோர்’ இல்லை

போன வாரம் ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவர், இளவயதில் தான் போய்வந்த ராக் கச்சேரிகளைப் பற்றிக் கண் பளபளக்கப் பேசுகிறார். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால், மேடையில் கிரேட்ஃபுல் டெட் குழு. மே மாதத்தில் வெளியே பனி கொட்டியதைச் சொல்லிவிட்டு, என்கோரில், அதாவது கச்சேரியை முடித்து இறங்கிய குழு ரசிகர்கள் கேட்டு மேடைக்குத் திரும்பிப் பாடும் பகுதியில், என்ன பாட்டு வந்தது என்பதற்கு வருகிறார். கீழே தமிழில் வரி ஓடுகிறது: ‘ஒன்ஸ்மோர் கேட்டோம், அதே பாட்டை மறுபடி பாடினார்கள்.’

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த இரவில் என்கோராக வந்தது ‘ஒன் மோர் சாட்டர்டே நைட்’. அதற்கு முன் அன்று அதை அவர்கள் வாசிக்கவில்லை. ரசிகர்கள் அந்தப் பாட்டைக் குறிப்பாக நினைவில் வைத்திருக்கக் காரணமும் உண்டு: அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்ற கச்சேரி அது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வந்தது என்று அதன் ரசிகர்கள் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். அதைப் போய் ‘அதே பாட்டு மறுபடி’ என்று எழுதினால், அந்தப் பெரியவர் நாற்பது வருடத்துக்கு மேல் பொத்திவைத்த நினைவைத் தமிழில் நாமே திருத்தி எழுதிவிட்டோம் என்றுதான் பொருள். இதே பிழையை இந்த வருடத்தில் நான்காவது முறையாகப் பார்க்கிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என்கோர் பிரெஞ்சுச் சொல். ‘இன்னும்’, ‘மறுபடியும்’ என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன் அரங்குகளில் ரசிகர்கள் இதைக் கூவத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அதற்குப் பொருள் நிஜமாகவே ‘அதையே திரும்பப் பாடு’ என்பதுதான். 1786இல் வியன்னாவில் மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ அரங்கேறியபோது, ரசிகர்கள் பல பகுதிகளைத் திரும்பக் கேட்டு அந்த இசைநாடகத்தை இழுத்தடித்தார்கள். பலர் சேர்ந்து பாடும் பகுதிகளை இனித் திரும்பப் பாடக் கூடாது என்று பேரரசர் இரண்டாம் யோசேப்பு உத்தரவே போட வேண்டியிருந்தது.

நம் ‘ஒன்ஸ்மோர்’ இந்தப் பழைய என்கோருக்கு உடன்பிறப்பு. கிட்டப்பா காலத்து நாடகக் கொட்டகையில் ஒன்ஸ்மோர் என்று குரல் வந்தால் பாடகர் பாடிய பாட்டையே மறுபடி எடுப்பார். பிற்பாடு சினிமாக் கொட்டகையில் பாட்டு ரீலைத் திரும்ப ஓட்டச் சொல்லிக் கத்தியதும் அதே ஒன்ஸ்மோர்தான். சொல் ஆங்கிலமானாலும் பொருள் நம்முடையது, தெளிவானது. அதை நான் குறை சொல்லவில்லை.

ராக் மேடையில் நடப்பது வேறு. குழு தன் கடைசிப் பாட்டை முடித்து, கும்பிட்டுவிட்டு, மேடையை விட்டு இறங்கிப் போய்விடுகிறது. மேடை விளக்கு அணைகிறது. அரங்க விளக்கோ இன்னும் எரியவில்லை. அந்த இருட்டில்தான் எல்லாமே இருக்கிறது. ஆயிரக்கணக்கான கால்கள் தரையை உதைக்கின்றன. எழுபதுகளில் என்றால் சிகரெட் லைட்டர்கள் மேலே உயரும். சுடர் அணையாமல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் சுட்டுப்போனதை அந்தக் கால ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு இருட்டில் யாரோ கிட்டாரை எடுத்து மாட்டும் சத்தம். குழு மேடையேறி, அதுவரை பாடாத பாட்டைப் பாடுகிறது. அரங்க விளக்கு எரிந்துவிட்டால் கதை முடிந்தது, இனி யாரும் வரமாட்டார்கள்.

லெட் செப்பலின் ராக் குழு 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் மீண்டும் ஒன்றுசேர்ந்தபோதும் இப்படித்தான். முதன்மைப் பகுதி ‘காஷ்மீர்’ பாட்டோடு முடிந்தது. பிறகு திரும்பி வந்து இரண்டு பாட்டு. இரண்டுமே அதுவரை அன்று வாசிக்காதவை. எல்லாக் குழுவும் இதைச் செய்ததில்லை. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் கடைசிக் கட்டணக் கச்சேரியில் பதினொரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விட்டார்கள், என்கோர் கிடையாது. எல்விஸ் பிரெஸ்லியும் என்கோருக்கு வருகிறவர் இல்லை. நின்றுகொண்டே இருக்கும் கூட்டத்தைக் கலைக்க ‘எல்விஸ் கட்டடத்தை விட்டுப் போய்விட்டார்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். ஆள் வெளியே போவதும் உள்ளே வருவதும்தான் என்கோரின் உயிர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது எதிர்த்தரப்புக்கு வருகிறேன். ‘மறுபாடல்’ என்று ஒரு சொல்லைச் சிலர் புழங்குகிறார்கள். தூய தமிழ்தானே, இதில் என்ன குறை என்று கேட்கிறார்கள். தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் பொருளைக் கெடுக்கும் சொல் எவ்வளவு தூய்மையாக இருந்து என்ன பயன்? தமிழில் ‘மறு’ எதன்மேல் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். மறுபதிப்பு, மறுதேர்வு, மறு ஒளிபரப்பு: செய்ததையே திரும்பச் செய்வது. மறுநாள், மறுகரை, மறுவீடு: அடுத்தது, வேறொன்று. கல்யாணமான பெண் மறுவீடு போகிறாள் என்றால் அந்தக் கல்யாணம் இன்னொரு முறை நடக்கிறது என்று யாராவது நினைப்போமா? பாட்டு என்பது ஒருவர் செய்து முடித்தது. அதன்மேல் ‘மறு’வை ஒட்டினால் காதில் விழுவது ‘அதே பாட்டு’தான். சொல்லை உண்டாக்கியவர் மனதில் வேறு இருந்திருக்கலாம். கேட்பவர் மனதில் அது போய்ச் சேராது.

இன்னொருவர் ‘துக்கடா’ என்று எழுதியிருந்தார். இது இன்னும் தவறு. துக்கடா என்பது நம் கர்நாடக இசைக் கச்சேரியின் பிற்பகுதியில் பாடும் சிறு பாட்டு, கச்சேரிக்குள்ளேயே இருக்கும் பகுதி. பாடகர் எழுந்து போய்விட்டுத் திரும்ப வந்து பாடுவதில்லை. நம் மரபில் மங்களம் பாடிவிட்டால் மேடை காலி. மங்களத்துக்குப் பிறகும் ஒரு பாட்டு உண்டு என்னும் வழக்கமே நம்மிடம் இல்லாதபோது, இருக்கிற சொல்லை இழுத்துவந்து ஒட்டவைப்பது இரண்டு இசை மரபையும் குழப்புவதாகும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வழி தெரியும். பிரெஞ்சுக்காரர்களே இதற்கு என்கோர் என்று சொல்வதில்லை. அதே பாட்டு வேண்டுமென்றால் ‘பிஸ்’ என்று கூவுவார்கள். மேடைக்குத் திரும்ப அழைப்பதற்கு ‘ரப்பெல்’, அதாவது மீண்டும் கூப்பிடுவது. இரண்டும் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெர்மானியர் ‘ட்சூகாபே’ என்கிறார்கள்: கூடுதலாகக் கொடுப்பது. அப்படியே நம் கொசுறு. காய்கறி வாங்கிக் காசும் கொடுத்த பிறகு, ‘கொசுறு போடும்மா’ என்றதும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை பைக்குள் விழுகிறதே, அது. கேட்பார்கள் என்று தெரிந்து அந்த அம்மா கறிவேப்பிலையை ஓரமாக எடுத்துவைத்திருப்பார். ராக் குழுவும் அப்படித்தான். மேடைத் தரையில் ஒட்டிய பாட்டுப் பட்டியலில், மார்க்கர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு பாட்டின் பெயர். கேட்டதால் வந்த பாட்டுத்தான், ஆனால் முன்பே எடுத்துவைத்த பாட்டு. இவ்வளவு பொருந்தியும் கொசுறை நான் விட்டுவிடக் காரணம், அதில் ஒட்டியிருக்கும் சிறுமை. பல ரசிகர்களுக்கு அந்த இரவின் உச்சமே என்கோர்தான். அதைக் கறிவேப்பிலை அளவுக்குச் சுருக்க மனம் வரவில்லை.

நான் எழுதுவது ‘மறுமேடை’. ‘மறு’வைப் பாட்டிலிருந்து எடுத்து மேடையில் வைத்திருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை. மறுவீடு போல மறுமேடை. விருந்தில் மறுசோறு வரும்போது குழம்பு வராது, ரசம் வரும். அதுபோல் மறுமேடையில் வேறு பாட்டு வரும். ‘மறுமேடைக்கு வந்தார்கள்’, ‘மறுமேடையில் இரண்டு பாட்டு’, ‘மறுமேடை கேட்டுக் கத்தினோம்’ என்றெல்லாம் வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது. பிடிக்காதவர்கள் என்கோர் என்றே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. ராக் என்பதையும் நாம் அப்படியேதான் எழுதுகிறோம். அதைப் ‘பாறை இசை’ என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. அங்கே ராக் என்பது ஆடுவது, அசைவது. கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு, மேடையில் என்ன நடந்தது என்று பார்க்காத பழக்கத்தால் வந்த வினைதான் என்கோருக்கு ‘ஒன்ஸ்மோர்’, ராக்குக்குப் ‘பாறை இசை’ இரண்டுமே. ஒரு கச்சேரிக் காணொளியை முடியும் வரை பார்க்கப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பெரியவரின் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘மறுமேடையில் அந்தச் சனிக்கிழமைப் பாட்டு வந்தது. அன்றைக்கோ ஞாயிறு. வெளியே வந்தால் ஒரே பனி.’