குட்டைக் கல்லணை, 400 அடிப் பள்ளம்

நீர்மின்சாரம் என்றதும் மலையை மறைக்கும் அணைதான் கண்முன் வரும். கர்நாடகத்தின் சிவனசமுத்திரத்தில் 1902-இல் தொடங்கிய மின்நிலையத்தை அப்படி ஓர் அணையை நம்பிக் கட்டவில்லை. காவிரியின் பாறைப் படுகையில் குறுக்கே எழுப்பிய தாழ்வான கல் தடுப்பணையே அதற்குப் போதுமாக இருந்தது. வெள்ளம் வந்தால் ஆறு அதன் தலைமேல் ஏறிப் போகும். அப்படிப் போகட்டும் என்றுதான் கட்டினார்கள்.

அந்தச் சுவரின் வேலை நீரைச் சேர்த்து வைப்பதன்று. ஆற்று மட்டத்தைச் சற்றே தூக்கிக் கால்வாய்க்குள் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். கால்வாய் மேட்டிலேயே, ஏறத்தாழ மட்டமாகப் போகிறது. ஆறோ ககனசுக்கி, பரசுக்கி அருவிகளாகக் கீழே பாய்ந்துவிடுகிறது. ஆறு இறங்கிவிட்டது, கால்வாய் இறங்கவில்லை. இடையிலுள்ள சுமார் 400 அடி உயரம்தான் மூலதனம். அதை அருவி நமக்கு இலவசமாகத் தருகிறது!

மொட்டைமாடித் தொட்டி உள்ள வீட்டில் இதைக் கையால் உணரலாம். மேல்மாடிக் குழாயில் நீர் சோம்பலாக விழும். தரைத்தளக் குழாயைத் திறந்தால் விரலால் அடைக்க முடியாது. கால்வாய் நீரைக் கீழே கொண்டுபோக 400 அடி இறங்கும் இரும்புக் குழாயின் அடிவாயைத் திறந்துவிட்டால் நீர் மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் பீறிடும். நொடிக்கு ஒரு கனமீட்டர் நீர் அந்த உயரம் இறங்கினால், டர்பைனில், அதாவது நீர் சுழற்றும் சக்கரத்தில், வீணாவது போக, ஏறக்குறைய 1,000 கிலோவாட் கிடைக்கும். காவிரிக்கு அது ஒரு கைப்பிடி நீர்.

குட்டையாக இருப்பது சுவருக்கும் நல்லது. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும். அதனால் நீரின் ஆழம் இருமடங்கானால் சுவரைத் தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகிறது. தாழ்வான சுவருக்குக் கல்லின் எடையும் பாறையின் பிடிப்புமே காவல்.

இங்கு பிறந்த மின்சாரம் 147 கி.மீ. தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. அக்காலத்தில் அது வியக்கத்தக்க தொலைவு. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் கம்பியில் வெப்பமாகும் இழப்பு கால்பங்காகிவிடும். மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பியது இதற்காகத்தான்.

சேமிக்காத அணைக்குக் கோடைதான் எதிரி. காவிரி இளைத்தால் டர்பைனும் இளைக்கும். அன்று கோலாரில் சுரங்க எந்திரங்கள் தடுமாறின. 1911-இல் ஆற்றின் மேல்பகுதியில், நீரைச் சேர்த்து வைக்கும் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். பாசனம் பற்றியே பேசும் நாம் இதை மறந்துவிடுகிறோம். அதுவும் கல்லால் கட்டிய அணையே, சுண்ணாம்போடு சுட்ட களிமண் பொடியைக் கலந்த சுர்க்கிச் சாந்தில் எழும்பியது. சுட்ட மண்ணிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிவதால் அந்தச் சாந்து நீருக்குள்ளும் இறுகும்.

டர்பைனைச் சுழற்றிய நீர், வந்த அளவு குறையாமல் ஆற்றில் மீண்டும் கலக்கிறது. ஒகேனக்கல்லைத் தாண்டி மேட்டூரை அடைந்ததும் அதே நீர் இன்னொரு முறை மின்சாரம் தருகிறது.