ஜென்கெம்: பசை டப்பாவிலிருந்து சாக்கடைக்குப் போன சொல்

இந்தச் சொல்லைத் தேடுகிறவர்களில் பலர் முதலில் ஒரு படத்தைப் பார்த்திருப்பார்கள். பாட்டிலில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று, அதன் வாயில் மாட்டிய பலூன் உப்பி நிற்கும். மனிதக் கழிவை ஊறப்போட்டு அதில் கிளம்பும் வாயுவை இழுத்தால் போதை ஏறும், அதற்குப் பெயர் ஜென்கெம் என்று கீழே எழுதியிருக்கும். சொல்லின் பொருள் அவ்வளவுதான், ஒரு வரியில் முடிந்துவிடும். அதன் வேரைத் தோண்டினால்தான் வேடிக்கை. அங்கே கிடைப்பது ஒரு பசை டப்பா.

தென்னாப்பிரிக்காவில் விற்ற ஒட்டுப்பசை ஒன்றின் வணிகப் பெயர் இது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எந்த நிறுவனம் செய்த வனஸ்பதியையும் நாம் டால்டா என்கிறோம், எந்த இயந்திரத்தில் நகல் எடுத்தாலும் அது ஜெராக்ஸ்தான். அதே கணக்கில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அந்தப் பெயர் எல்லாப் பசைக்கும் பொதுப்பெயரானது. தெருவில் வாழும் பிள்ளைகள் முகர்ந்ததும் பசைதான் என்பதால் அந்த வழக்கத்தோடும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கில எழுத்துக்கூட்டில் முதலெழுத்து 'ஜி'யாக இருந்தது 'ஜே' ஆனது இடையில் நடந்த சின்ன மாற்றம்.

பெரிய மாற்றம் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நடந்தது. செப்பு ஏற்றுமதியை நம்பியிருந்த நாடு அது. செப்பு விலை விழுந்து பொருளாதாரம் நொடித்தது, 1991க்குப் பின் வந்த தனியார்மயத்தில் வேலைகள் போயின, எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறைப் பெற்றோரைக் கொண்டுபோனது. தெருவில் நின்ற பிள்ளைகளுக்குப் பசை வாங்கவும் காசில்லை. நகரின் கழிவுநீர்க் குட்டைகளிலிருந்து கசடை எடுத்து, புளிக்கவைத்து, வாயுவை இழுக்கிறார்கள் என்று 1995ல் ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. 1999ல் பிபிசியும் அந்தப் பிள்ளைகளிடம் பேசிச் செய்தி வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்திய சொல் ஜென்கெம். கவனியுங்கள்: பொருள் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. பசைக்கு இருந்த 'போதை தருவது' என்ற பேர் பெயரோடு சேர்ந்து சாக்கடைக்கும் போய்விட்டது. என் கணிப்பில் இந்தச் சொல்லின் முழுக் கதையும் அந்த ஒரு தாவலுக்குள் இருக்கிறது.

அடுத்த தாவல் அமெரிக்காவுக்கு. 2007ல் ஒரு இணையப் பயனர், தானே ஜென்கெம் செய்து இழுத்ததாகப் படங்கள் போட்டார். ஃபுளோரிடாவின் காலியர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் அதை நம்பி, அந்த ஆண்டு செப்டம்பர் 26 தேதியிட்டு, அந்தப் படங்களோடு உள்சுற்று எச்சரிக்கை ஒன்றைத் தயாரித்தது. அது வெளியே கசிந்து, 'பள்ளிப் பிள்ளைகளிடம் பரவும் புதிய போதை' என்று தொலைக்காட்சிகள் அலறின. படம் போட்டவரோ, பாட்டிலில் இருந்தது மாவும் தண்ணீரும் பீரும் நியூடெல்லாவும் கலந்த கூழ், தான் எதையும் இழுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். ரொட்டியில் தடவும் சாக்லேட் பசைக்காக ஒரு காவல்துறை சுற்றறிக்கை!

சொல் ஆராய்கிறவருக்கு அந்த எச்சரிக்கையில் ஒரு பொக்கிஷம் உண்டு. இந்தப் 'போதை'க்கு வழங்கும் மாற்றுப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று 'லீராய் ஜென்கெம்ஸ்'. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், கூட்டாளிகள் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தன் பெயரைக் கத்திக்கொண்டு சண்டைக்குள் பாய்ந்து எல்லாரையும் சாகடிக்கும் லீராய் ஜென்கின்ஸ் என்ற பாத்திரத்தை வைத்துச் செய்த கிண்டல் அது. இணையத்தில் யாரோ அடித்த ஜோக், தெருவழக்கு என்ற தகுதியோடு அரசுக் காகிதத்தில் ஏறிவிட்டது. அகராதிக்காரர்களுக்குக்கூட இது நடப்பதுண்டு, சரி, விடுங்கள்.

இப்படி நடந்தது முதல் முறையும் அல்ல. 1967ல் வாழைப்பழத் தோலின் உட்புறத்தைச் சுரண்டி, காயவைத்துப் புகைத்தால் மாயக்காட்சி தெரியும் என்று அமெரிக்காவில் ஒரு வதந்தி ஓடியது. அதிலுள்ள சரக்குக்கு 'பனானடின்' என்று வேதியியல் வாசனையோடு ஒரு பெயரும் வைத்தார்கள். உணவு மருந்து நிர்வாகம் அந்தப் புகையைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அறிவித்தது. பசை விஷயத்தில் கதை இன்னும் கசப்பானது. 1959ல் டென்வர் நாளிதழ் ஒன்று பசை முகரும் சிறுவர்களைப் பற்றி, எப்படி முகர்கிறார்கள் என்பது உட்பட, விரிவாக எழுதியது. அதற்குப் பிறகுதான் அங்கே அந்தப் பழக்கம் பெருகியது, எச்சரிக்கைகளே விளம்பரமாக வேலை செய்தன என்று எட்வர்ட் பிரெச்சர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1972ல் ஆதாரங்களோடு வாதிட்டார்.

சரி, உள்ளே இருக்கும் அறிவியல் என்ன? பசையில் போதை உண்டு என்பது உண்மை. டொலுவீன் போன்ற கரைப்பான்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து கொழுப்பு மிகுந்த மூளைக்கும் சில நொடிகளில் போய், மது போலவே நரம்புச் செயலை மந்தமாக்கும். நீண்ட நாள் பழக்கம் மூளையின் வெண்பொருளை, அதாவது அதன் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளை, அரிக்கும். இப்படிப்பட்ட ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும்படி செய்துவிடுவதால், இழுத்த கையோடு பயந்து ஓடினாலே துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். திடீரென்று நேர்ந்த அப்படிப்பட்ட 110 இளைஞர் மரணங்களை மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர் 1970ல் தொகுத்துக் காட்டினார். பஞ்சர் ஒட்டும் 'சொல்யூஷன்' நம் ஊர்த் தெருக்களில் போதைக்குப் பெயராகியிருப்பதும் இதே கரைப்பான்களால்தான்.

கழிவு வாயுவில் அப்படி எதுவும் இல்லை. காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கும்போது வருபவை மீத்தேன், கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அமோனியா. இவற்றில் மீத்தேன் மூளையை மயக்குவதில்லை. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவே. லுசாகாப் பிள்ளைகள் சொன்ன தலைசுற்றலையும் மிதப்பையும் விளக்க மூச்சுமுட்டலே போதும். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாலும் தலை சுற்றும். அதைப் போதை என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் என்று சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் ஆபத்து, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? முதலில் பொதுவகைக்கு. ஆவியை உள்ளே இழுத்து ஏற்றும் போதைக்கு 'நுகர்போதை' என்று வைக்கலாம் எனத் தோன்றும், ஆனால் நுகர்வோர், நுகர்பொருள் என்று அந்த வேர் கடைவீதிக்குக் குடிபோய் வெகுநாளாகிவிட்டது. 'முகர்போதை' பரவாயில்லை. முகர்தலும் மோத்தலும் நல்ல பழஞ்சொற்கள், 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்று குறளே இருக்கிறது. குறை என்னவென்றால், முகர்வது மூக்கின் வேலை, அதுவும் மென்மையான வேலை. இந்த ஆவிகளைப் பையை வாயில் வைத்தும் உறிஞ்சுகிறார்கள். பேச்சு வழக்கு இதை எப்போதோ தீர்த்துவிட்டது: பீடி இழுக்கிறான், கஞ்சா இழுக்கிறான். ஆகவே 'உள்ளிழு போதை' என்பது என் தேர்வு.

ஜென்கெமுக்கு முதலில் எனக்குப் பிடித்தது 'மல ஊறல்'. சாராய ஊறலை அழித்ததாகக் காவல்துறை செய்திகளில் அடிக்கடி வருமே, அதே ஊறல். அழகாகப் பொருந்துவதுபோல் இருந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தபோதுதான் தவறு புரிந்தது. வெல்லத்தைப் போட்ட ஊறலில் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று வெறியம், அதாவது ஆல்கஹால், செய்கிறது. கழிவில் அந்த வேதியியலே நடப்பதில்லை. ஊறல் என்று சொன்னாலே கேட்பவர் மனம் சாராயத்துக்குப் போகும், அப்படியானால் ஆப்பிரிக்காவில் பசைப் பெயர் செய்த பிழையை நானே தமிழில் மறுபடி செய்ததாகும். எனவே அகராதியில் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: 'ஜென்கெம், பெயர்ச்சொல். தென்னாப்பிரிக்கப் பசைப் பெயரிலிருந்து. போதை தருவதாகச் சொல்லப்படும் சாக்கடை வாயு.' இதில் 'சொல்லப்படும்' என்ற சொல்லை எந்தப் பதிப்பாசிரியரும் இடம் போதவில்லை என்று வெட்டக் கூடாது.

உண்மையில் இந்த வாயுவுக்குத் தமிழ் நாளிதழ்களில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: விஷவாயு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் 'விஷவாயு தாக்கி பலி' என்று நாம் படித்துப் படித்து மரத்துப்போன தலைப்பில் வருவது அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியை, சயனைடு போலவே இதுவும் அடைக்கிறது. துளியளவு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் வீசும். காற்றில் 10 லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். 1,000 பங்கை நெருங்கினால் சில மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடுவார். செய்தியில் இறந்தவர் எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டாகவோ மூன்றாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான்: உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவருக்கு, அங்கே ஆபத்து இருப்பதை மூக்கு சொல்லவில்லை.