தட்பப்பதனம்

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தார் ரோடு காலைச் சுடும். நம் நாட்டுப் பனிக்காலம் ஆனி, ஆடியில்தான். அதுவும் டிராகன்ஸ்பெர்க் மலைக்கு அப்பால், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் பெத்லஹேம் பக்கம் போனால்தான் தரை உறைவதைப் பார்க்கலாம். (1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1980களின் நடுப்பகுதி வரை இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் அங்கே குடியிருக்கவே முடியாமல் இருந்தது. அந்தக் கோதுமை வயல்கள் நம் பேச்சில் வராததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.)

அங்கே விதைக்கும் குளிர்காலக் கோதுமைக்கு ஒரு குணம் உண்டு: சில வாரங்கள் நல்ல குளிர் படாவிட்டால் கதிர் வராது. இதற்குப் பெயர் வெர்னலைசேஷன். லத்தீனில் 'வேர்' என்றால் வசந்தம். 1920களின் இறுதியில் சோவியத் வேளாண் அறிஞர் லைசென்கோ வழங்கிய 'யாரோவிசாட்சியா' என்ற ரஷ்யச் சொல்லின் மாற்றுரு இது. ஊறவைத்த விதையைக் குளிரில் வைத்து, வசந்தத்தில் விதைக்கும் பயிராக ஆக்குவது என்று பொருள். 1918இலேயே ஜெர்மானியர் காஸ்னர் இதைச் சோதித்து எழுதிவிட்டார்; பெயர்தான் பிந்தியது.

தமிழில் 'வேனிற்படுத்தல்' என்று பெயர்த்தால் என்ன? நமக்கு ஒத்துவராது. இளவேனில் சித்திரை, வைகாசி. இங்கே அது இலையுதிர்காலம், ஃப்ரீ ஸ்டேட்டில் கோதுமை விதைக்கும் நேரம்! பாடநூல்களில் வரும் 'தட்பப்பதனம்' எனக்குப் பிடித்திருக்கிறது. தட்பம், 'தண்' என்ற அடியிலிருந்து வந்தது. தட்பவெப்பம் என்று தினமும் சொல்கிறோமே, அதே தட்பம். பதனம் என்பது பக்குவம் செய்வது, தோலைப் பதனிடுவது போல. பருவத்தின் பெயரே இல்லாததால் எந்த அரைக்கோளத்துக்கும் பொருந்தும்.

உள்ளே நடப்பதையும் இந்தச் சொல் சரியாகவே காட்டுகிறது. வி.ஆர்.என்.2 என்ற மரபணு பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும். நீண்ட குளிர் வி.ஆர்.என்.1ஐ விழிக்கச் செய்ய, அது அந்தத் தடையை அடக்கும். உறைபனியில் பூ கருகாமலிருக்கப் பயிர் கண்ட வழி இது. வசந்தகாலக் கோதுமையில் வி.ஆர்.என்.1இன் கட்டுப்பாட்டுப் பகுதி மாறிப்போனதால் குளிருக்குக் காத்திருக்காது.

உறைபனியைத் தாங்கும் வலிமை வேறு சங்கதி. அதற்கு சி.பி.எஃப் என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. அதைக் 'குளிர்ப்பழக்கம்' என்று தனியாகச் சொல்வதே நல்லது.

லைசென்கோ இந்தப் பதனம் வாரிசுக்கும் போகும் என்றார். போகாது. புது விதை உருவாகும்போது குளிரின் பதிவு அழிந்துவிடும். அடுத்த ஆடியில் பயிர் முதலிலிருந்து குளிர் பட்டாக வேண்டும்.